ஆர்எக்ஸ் 100-ல் பிடபிள்யூகே 28 கார்ப்: பின்னாடி 52 மிமீ இடம்தான் இருக்கு, ஃபில்டரை எப்படி மாட்டுறது?

கிக்கர்98:
வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. போர் (சிலிண்டர் விட்டம்) ஸ்டாக், போர்ட்டில் (சிலிண்டர் துவாரங்கள்ல) கை வைக்கல. பழைய மிக்குனி விஎம்20 கார்புரேட்டர் (20 மிமீ துவாரம்) தேய்ஞ்சு போனதால கடையில கிடைக்கிற பிடபிள்யூகே 28 நகல் (28 மிமீ துவாரம்) மாட்டியிருக்கேன். இது நீளமான கார்ப். ஏர்பாக்ஸோட (ஸ்டாக் ஃபில்டர் பெட்டி) ரப்பர் வாய் இதுக்குச் சேரல, அதைக் கழட்டி வச்சுட்டேன். பாக்ஸ் மட்டும் அதே இடத்துலதான் இருக்கு.

இப்போ பெல்மவுத் (கார்ப்போட காத்து நுழையுற வாய்) விளிம்புல இருந்து ஏர்பாக்ஸ் முகம் வரைக்கும் 52 மிமீ. வாங்கின கோன் ஃபில்டர் கழுத்து உள்விட்டம் 50, மொத்த நீளம் 90. கழுத்து கார்ப் மேல 20 ஏறுது, மீதி 70-ஐ 52-க்குள்ள அழுத்தித் திணிச்சிருக்கேன்.

ஸ்லோ ஸ்பீடு நிக்குது, ஆனா தடுமாறுது. கால் ஆக்சிலேட்டர் தாண்டினா மிஸ்ஸிங். பிளக் கருப்பு, ஈரம். ஏர் ஸ்க்ரூவை 1 சுத்துல இருந்து 3 சுத்து வரை திருப்பிப் பார்த்தேன், ஒரு மாத்தமும் இல்ல. மெயின் ஜெட் 120, ஸ்லோ ஜெட் 45 (பெட்ரோல் விடுற துவாரங்களோட அளவு), நீடில் கிளிப் நடுவுல. ஃபில்டரைக் கழட்டிட்டு ஸ்டாண்டுல நிறுத்தி ரைஸ் பண்ணா சுத்தமா ஏறுது. ஏர்பாக்ஸை அறுக்காம வழி இருக்கா?

புல்லட்பாண்டி:
ரிச்சா (காத்துக்கு மிஞ்சின பெட்ரோல்) ஓடுது ப்ரோ. மெயினை 110-க்கு இறக்குங்க, சரியாயிடும்.

ரீட்வால்வ்:
தம்பி, தயவுசெஞ்சு மெயினை இப்போ இறக்காதீங்க. ஃபில்டர் நசுங்கி மூச்சு அடைக்கிறதாலதான் ரிச் ஆகுது. அந்த அடைப்புக்கு ஏத்த மாதிரி ஜெட்டைக் குறைச்சுட்டு, நாளைக்கு நல்ல ஃபில்டர் மாட்டினீங்கன்னா அதே ஜெட் லீன் (பெட்ரோல் பத்தாம) ஆயிடும். டூ ஸ்ட்ரோக்ல லீன்னா பிஸ்டன் சூடேறி சிலிண்டர்ல இறுகி சீஸ்தான். முதல்ல காத்து, அப்புறம்தான் ஜெட்.

ஏர் ஸ்க்ரூ 3 சுத்து திறந்தும் மாத்தம் இல்லன்னு எழுதியிருக்கீங்களே, இதுல முக்கியமான விஷயமே அதுதான். பெல்மவுத் வாயை டார்ச் அடிச்சுப் பாருங்க. பெரிய துவாரத்துக்குக் கீழ, விளிம்பை ஒட்டி சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். ஒன்னு ஸ்லோ சர்க்யூட்டுக்குக் காத்து எடுக்கிறது, இன்னொன்னு மெயின் ஜெட்டுக்கு மேல இருக்கிற எமல்ஷன் டியூபுக்கு (பெட்ரோலோட காத்து கலக்குற குழாய்) காத்து கொடுக்கிறது. ஏர் ஸ்க்ரூ அந்த முதல் ஓட்டைக்கு வெறும் குழாய் மாதிரி. ஓட்டை வெளியவே மூடியிருந்தா குழாயை எவ்வளவு திருகினாலும் என்ன வரும்?

நிறைய ஃபில்டர்ல கழுத்துக்கு உள்ள, கார்ப் முட்டி நிக்க 2–3 மிமீ உதடு ஒன்னு இருக்கும். நீங்க 18 மிமீ நசுக்கி அழுத்துறதால அந்த உதடு மடங்கி ஓட்டை மேல உக்காந்திருக்க வாய்ப்பு அதிகம். கண்ணால பார்க்க முடியாது, ஆனா அச்சு எடுக்கலாம். குங்குமத்தைத் தேங்காயெண்ணெய்ல கெட்டியா குழைச்சு பெல்மவுத் முகத்துல மெல்லிசா தடவுங்க, ஓட்டைக்குள்ள போகாம. ஃபில்டரை வழக்கம்போல மாட்டி, கிளாம்ப் இறுக்கி, கழட்டுங்க. ரப்பர்ல எங்க சிவப்பு ஒட்டியிருக்கோ அங்கதான் அது கார்ப்பைத் தொடுது.

கிக்கர்98:
எடுத்துப் பார்த்தேன் அண்ணா. வட்டம் முழுசா சிவப்பு. கீழ்ப் பக்கம் மட்டும் உதடு மடங்கி, அரை நிலா மாதிரி 5 மிமீ அகலத்துக்குத் தடம். அந்தத் தடத்துக்கு நடுவுல ரெண்டு வெள்ளைப் புள்ளி, குங்குமம் ஒட்டாம. ரெண்டு ஓட்டையும் அங்கதான் இருக்கு.

ரீட்வால்வ்:
அதான். பெல்மவுத்தை பெட்ரோல்ல நனைச்ச துணியால நல்லா துடைச்சுடுங்க. உதட்டைப் புது பிளேடால அறுங்க, சோப்புத் தண்ணி தொட்டுக்கிட்டா ரப்பர் பிசிறு இல்லாம வரும். கீழ்ப் பக்கம் மட்டும் போதாது, சுத்தி முழுசா எடுங்க. இல்லன்னா அடுத்த தடவை ஃபில்டரைக் கொஞ்சம் திருப்பி மாட்டும்போது இதே கதை. ஃபில்டரைக் கையில வச்சு அறுக்கணும், கார்ப்ல மாட்டி வச்சுக்கிட்டு அறுத்தா துணுக்கு ரீட் வால்வு வழியா எஞ்சின் கிராங்க் கேஸுக்குள்ள போகும். முட்டி நிக்க உதடு இல்லாததால, கழுத்து எவ்வளவு ஏறணுமோ அங்க கார்ப் மேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க.

ஆனா இந்த ஃபில்டரை வச்சுக்காதீங்க. உதடு போனாலும் 70-ஐ 52-ல திணிக்கிறது திணிக்கிறதுதான். புதுசு வாங்கினதும் அதுலயும் இதே சோதனை.

மிமீகணக்கு:
இடத்தைப் பத்தி நான் சொல்றேன். 52 மிமீ ஒன்னும் குறைவான இடம் இல்ல, 90 மிமீ ஃபில்டருக்குத்தான் குறைவு.

ஒரு வட்டக் குழாய் வாய்க்கு எதிர்ல சுவர் இருந்தா, காத்து பக்கவாட்டுல நுழையுற பரப்பும் குழாய்ப் பரப்பும் சமமாக, விட்டத்துல நாலுல ஒரு பங்கு இடைவெளி வேணும். 28-க்கு 7 மிமீ. அது வெறும் கணக்கு. நடைமுறையில முழு விட்டம் அளவு, அதாவது 28 மிமீ கிடைச்சா நிம்மதி. ஆக, தடையா இருக்கிறது தூரம் இல்ல, ஃபோம் பரப்புதான்.

98 சிசி, 8500 ஆர்பிஎம். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை இழுக்கும், அதனால அதிகபட்சம் நிமிஷத்துக்கு 833 லிட்டர். 80 மிமீ விட்டம், 40 மிமீ உயர உருளை ஃபில்டரோட பக்கப் பரப்பு சுமார் 100 சதுர செமீ. அதுல காத்து வேகம் சராசரியா விநாடிக்கு 1.4 மீட்டர், தாராளம். உங்க நசுங்கின கோன்ல மடிப்பு எல்லாம் ஒட்டி 30 சதுர செமீதான் மிச்சம்னு வச்சா, அதே காத்து 4.6 மீட்டர் வேகத்துல போகணும். அங்கதான் மூச்சு முட்டுது.

கடையில கேக்க வேண்டியது: கழுத்து 50, மொத்த நீளம் 60-க்குள்ள, வெளிவிட்டம் 80–90, முனை ரப்பரால மூடினது. 20 கார்ப் மேல ஏறிடும், 40 வெளிய, பாக்ஸுக்கும் அதுக்கும் 12 மிமீ மிஞ்சும். முனை மூடினதா இருக்கிறதால அந்த 12 காத்துக்கு இல்ல, ஆட்டத்துக்கு. கார்ப்பை எஞ்சினோட சேர்க்கிற ரப்பர் மேனிஃபோல்டுல கார்ப் ஆடும், தொட்டுக்கிட்டு இருந்தா ஃபில்டரும் தேயும் மேனிஃபோல்டும் கிழியும். பக்கவாட்டுல மட்டும் சுத்தி 15 மிமீ விட்டுடுங்க.

மூடி முகம் முழுக்க ஸ்டீல் வலை போட்ட சின்ன கிண்ணம் மாதிரி ஒன்னு விப்பாங்க, பார்க்க அழகா இருக்கும். அது டீ வடிகட்டி. வேண்டாம்.

கிக்கர்98:
45 டிகிரி கழுத்து வச்சது இருக்கே, அது சரிவருமா? இல்ல சிலிகான் எல்போ போட்டு சைடு பேனல் பக்கம் கொண்டு போயிடலாமா?

மிமீகணக்கு:
45 டிகிரி நல்லாவே வேலை செய்யும், எந்தப் பக்கம் சாய்க்கிறோம்கிறதுதான் கேள்வி. கீழ சாய்ச்சா பின் டயர் தண்ணியும் செயின் எண்ணெயும் வாங்கும். பேனல் பக்கமா கொஞ்சம் மேல பார்த்து வைங்க.

எல்போ போட்டா மூணு விஷயம் பார்க்கணும். வளைவுக்கு முன்னாடி 20–30 மிமீ நேர்க் குழாய் இருக்கணும், பெல்மவுத் வாசல்லயே திரும்பினா காத்து ஒரு பக்கமா சரிஞ்சு அந்தச் சின்ன ஓட்டைகளுக்கு ஒழுங்கா வராது. உங்க 52-ல அதுக்கே பாதி போயிடும். ரெண்டாவது, டூ ஸ்ட்ரோக் பெட்ரோலையும் 2டி ஆயிலையும் கொஞ்சம் பின்னாடி துப்பும், சாதா சிலிகான் நாள்பட ஊறி உப்பும். ஆயில் தாங்குற ரப்பர் ஹோஸ் மேல். மூணாவது எடை. ஃபில்டர் கார்ப்ல இருந்து தள்ளித் தொங்கினா மேனிஃபோல்டு ரப்பர் வெடிக்கும், ஃபிரேம்ல ஒரு பட்டை பிராக்கெட் கொடுத்துத் தாங்கணும்.

அதே காரணத்தால பேப்பர் ஃபில்டர் கூடாது, ஆயில் பட்டா ஊறி அடைச்சிடும். ஃபோம், இல்லன்னா எண்ணெய் விட்ட பருத்தி. ஃபோமுக்குத் தனி ஆயில் கிடைக்கலன்னா 2டி ஆயிலே போதும்: நனைச்சு, சொட்டாத அளவுக்குப் பிழியணும், முறுக்கக் கூடாது.

ரீட்வால்வ்:
மாட்டும்போது ஃப்ளோட் சேம்பரோட (கார்ப் அடியில பெட்ரோல் தேங்குற கிண்ணம்) வென்ட் குழாய்களையும் பாருங்க. ஃபில்டர் கிளாம்ப்புக்கு அடியில மாட்டி நசுங்கினா சேம்பர்ல பெட்ரோல் இறங்காது, அதை ஃபில்டர் குறைன்னு நினைச்சு ரெண்டு நாள் அலைவீங்க. ரெண்டும் தளர்வா கீழ தொங்கட்டும்.

ஒரு விஷயம், கோபிச்சுக்காதீங்க. போர்ட் தொடாத எஞ்சினுக்கு 28 அதிகம். 20-க்கு 28-ன்னா துவாரப் பரப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கீழ் ஆர்பிஎம்ல காத்து வேகம் விழுந்துடும், டவுனுக்குள்ள இழுவை மந்தமா இருக்கும். 22 இல்ல 24 போதும், அதுல ஏர்பாக்ஸ் ரப்பரைத் திரும்ப மாட்டவும் வழி பிறக்கலாம்.

கிக்கர்98:
28 வாங்கியாச்சு அண்ணா, இப்போதைக்கு இதுலயே ஓட்டுறேன். 58 மிமீ நீள ஃபில்டர் கிடைச்சுது, உதடு எடுத்துட்டேன், குங்கும அச்சுல ஓட்டைப் பக்கம் சுத்தம். மிஸ்ஸிங் போச்சு, ஏர் ஸ்க்ரூவும் வேலை செய்யுது. ஆனா இப்போ ஆக்சிலேட்டரை விட்டா ஆர்பிஎம் மெதுவாதான் இறங்குது.

ரீட்வால்வ்:
அது லீன் பக்கம். ஜெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மேனிஃபோல்டுல ஏர் இழுக்குதான்னு பாருங்க. ஸ்லோ ஸ்பீடுல விட்டு, ரப்பர் சந்துல சோப்புத் தண்ணி விடுங்க. ஆர்பிஎம் மாறினா அங்கதான் கசிவு. கசிவு இல்லன்னா ஏர் ஸ்க்ரூவை முழுசா மூடி அங்கிருந்து திறந்து, ஆர்பிஎம் அதிகமா நிக்கிற இடத்தைப் பிடிங்க. 1-லிருந்து 2 சுத்துக்குள்ள வந்தா ஸ்லோ ஜெட் 45 சரி. ஒரு சுத்துக்கும் கீழ வந்தா 48 போடுங்க.

மெயினுக்கு 125-ல ஆரம்பிங்க, 120-ல இல்ல. ரிச்சுல இருந்து இறங்கி வர்றதுதான் பாதுகாப்பு. எஞ்சின் நல்லா சூடானதும் புது பிளக் போட்டு, காலி ரோட்டுல மூணாவது கியர்ல முழு ஆக்சிலேட்டர்ல ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடிச்சு சாவியை அணைச்சு ஓரம் கட்டுங்க. பீங்கானோட அடி வளையம் காபிப் பொடி நிறத்துல இருக்கணும். கருப்புன்னா 122. வெள்ளையா இருந்தா அங்கயே நிறுத்துங்க, பெரிய ஜெட் போடாம வீடு வரைக்கும்கூட அழுத்தி ஓட்டாதீங்க.

கிக்கர்98:
மேனிஃபோல்டு கிளாம்ப்தான் அண்ணா, கீழ் ஸ்க்ரூ அரைச் சுத்து லூசு. இறுக்கினதும் ஆர்பிஎம் டக்குனு இறங்குது. ஏர் ஸ்க்ரூ ஒன்றரை சுத்துல நிக்குது. 125 போட்டு அடி வளையம் கருப்பு, 122-ல பழுப்பு. மழைக்கு என்ன பண்றது?

மிமீகணக்கு:
ஃபில்டர் மேல போடுற துணி உறை கிடைக்கும், தண்ணி ஒட்டாத ரகம். பிளாஸ்டிக் கவர் சுத்தாதீங்க, திரும்ப முதல் பதிவுக்கே வந்துடுவீங்க. பாக்ஸ் பக்கம் மிஞ்சின அந்தச் சந்துல சேறு தங்கும், மழை நாள்ல ஃபோமை வாரம் ஒரு தடவை கழட்டிப் பாருங்க.