மறு: மரநோய்ச் சொற்கள் – ‘சகிப்பு’ வேண்டாம், ‘தாக்குப்பிடிப்பு’

அன்பின் ஐயாவுக்கும் கலைச்சொற் குழுவினருக்கும்,

> றெசிஸ்ரன்ஸ், ரொலரன்ஸ் இரண்டுக்குமே ‘எதிர்ப்பு’ என்று போட்டால் என்ன? வயல்காரர் பிரித்தா பேசுகிறார்கள்?

பிரித்துத்தான் பேசுகிறார்கள் ஐயா. படுவான்கரையில் நெல்லுக்கு எரிபந்த நோய் விழுந்த ஒரு பெரும்போகத்தில் வயல்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “அடுத்த வயலுக்கு நோய் வரவே இல்ல. எனக்கு வந்தது, ஆனா பயிர் தாக்குப்புடிச்சிட்டு.” நமக்கு வேண்டிய இரண்டு கருத்தும் அதில் இருக்கின்றன: நோயை வரவிடாமல் தடுப்பது றெசிஸ்ரன்ஸ், அதாவது எதிர்ப்பு; நோய் வந்தும் விழாமல் நிற்பது ரொலரன்ஸ், அதற்குத்தான் ‘தாக்குப்பிடிப்பு’ என்கிறேன்.

காட்டு மரத்தில் இது இன்னும் முக்கியம். நோயியலாளர் நாற்றுகளுக்குப் பங்கசின் (பூஞ்சணத்தின்) வித்தியை, அதாவது அது பரவும் நுண்துகளைத் தொற்றவிட்டு, பங்கசு எவ்வளவு பெருகியது என்று பார்ப்பார். இனவிருத்தியாளர் எந்தத் தாய்மரத்தின் நாற்றுகள் பிழைத்தன என்று பார்ப்பார். இருவரும் ஒரே மரத்தைக் காட்டி ஒரே சொல்லைச் சொன்னாலும், பொருள் ஒன்றாக இருக்காது.

அமெரிக்காவின் சீனிப் பைன் மரத்தில், கொப்புளத் துரு என்ற பங்கசு நோயைத் தடுக்கும் ஒற்றைப் பரம்பரையலகு (மரபணு) ஒன்றை 1970இல் அறிவித்தார்கள். வித்தி இறங்கிய இடத்தில் ஊசியிலைக் கலங்கள் தாமே மடிந்து பங்கசை மேலே போகவிடாமல் நிறுத்திவிடும். இது எதிர்ப்பு. பிறகு கலிபோர்னியாவில் அதையும் வெல்லும் பங்கசு வகை தோன்றிவிட்டது. இப்படிப்பட்டதைக் கண்டறிய இரு துறையாரின் கண்ணும் வேண்டும்.

அமெரிக்கச் செஸ்நட் மரம் வேறு கதை. 1904இல் நியூயோர்க்கில் கண்ட பட்டைக் கருகல், 400 கோடி வரையான மரங்களை வீழ்த்தியதாக மதிப்பிடுவார்கள். அந்தப் பங்கசு ஒட்சாலிக் அமிலத்தைச் சுரந்து பட்டையைக் கொல்கிறது. கோதுமையின் ஒரு பரம்பரையலகைச் சேர்த்த செஸ்நட், அந்த அமிலத்தை உடைக்கிறது. பங்கசு சாவதில்லை, பட்டையிலேயே இருக்கிறது, மரமும் நிற்கிறது. இது தாக்குப்பிடிப்பு.

ரொலரன்ஸுக்குப் பேராதனைத் தம்பி சொன்ன ‘சகிப்பு’ எனக்கு ஒத்துவரவில்லை. சகிப்பது மனதின் வேலை. இந்த மரம் பொறுத்துக்கொண்டு சும்மா நிற்கவில்லை, அமிலத்தை உடைத்துக்கொண்டிருக்கிறது. கல்முனை ரீச்சரின் ‘தாங்குதிறன்’ நல்ல சொல். ஆனால் வரட்சி, உவர் தாங்கும் இனங்களுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது, அங்கேயே இருக்கட்டும்.

‘தாக்குப்பிடிப்பு’ நீளம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஒன்பது எழுத்துப் ‘பிறப்புரிமையியல்’ (மரபியல்) படிக்கும் பிள்ளைகளுக்கு எட்டெழுத்து பாரமில்லை.

எங்கள் கடற்கரைச் சவுக்கை நினைத்துத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். இந்தியாவில் சவுக்கைத் தாக்கும் பட்டைக் கொப்புள நோயில், பட்டைக்கு உள்ளே வித்திகள் கரித்தூள்போல் திரளும். ‘எதிர்ப்புள்ள கன்று’ என்ற பெயரில் தாக்குப்பிடிக்கும் கன்றைக் கொடுத்தால், அது பச்சையாக நிற்கும். அதன் வித்தியை வாடைக் காற்று அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். வாங்கி நட்டவருக்கு அது தெரியாமல் போகக் கூடாது.

இன்னொன்று: பங்கசைக் குறைவாகவே பெருகவிடும் மரத்துக்கும் பலர் ரொலரன்ஸ் என்றே எழுதுகிறார்கள். அதைப் ‘பகுதி எதிர்ப்பு’ என்று தனியே பதியலாமா? ரீச்சர், உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.