புதுப்பிப்பு: வைட்டமின் டி மாத்திரை போட்டும் அளவு ஏறவில்லை

மார்ச்சில் கேட்டிருந்தேன்: தசை வளர்க்கச் சாப்பாட்டில் கொழுப்பை அடியோடு குறைத்திருக்கிறேன், வாரம் 60,000 யூனிட் வைட்டமின் டி எட்டு வாரம் போட்டும் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 14 நானோகிராமிலேயே நிற்கிறதே, ஏன்? பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது பாலக்காட்டு அண்ணன் சொன்ன யோசனை: வெறும் வயிற்றில் கட்டன்சாயாவோடு (பால் விடாத தேநீர்) விழுங்காதே, கொழுப்புள்ள சாப்பாட்டோடு போடு. ஏ, டி, இ, கே வைட்டமின்கள் நான்கும் கொழுப்பில் கரைபவை. நான் முட்டை மஞ்சள் கருவைக்கூட எடுத்துப் பூனைக்கு வைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் கேட்டு, மேலும் எட்டு வாரம் ஞாயிறு மதியம் தேங்காய் அரைத்த சாளை (மத்தி மீன்) குழம்புச் சோற்றுக்குப் பிறகு போட்டேன். போன வாரம் அளவு 32.

மீன் எண்ணெய் மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். டப்பாவின் முன்புறம் 1000 மில்லிகிராம். பின்புறம் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஹெச்ஏ 120; நமக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்புகள் இவை இரண்டும்தான், மொத்தம் 300 மட்டுமே. அந்தக் காசுக்கு மார்த்தாண்டம் சந்தையில் சாளை தாராளமாகக் கிடைக்கிறது.

எதிர்பாராதது: பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்தபடி எடை தூக்கும் பயிற்சி) ஒரு கிலோகூட ஏறவில்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போது தொடையில் இருந்த வலி போய்விட்டது.

60,000 யூனிட்டை டாக்டர் சொல்லாமல் யாரும் தொடர வேண்டாம். மிஞ்சினால் உடலில் தேங்கும்.