புதுப்பிப்பு: தாதிமை மாணவர்களுக்கான ஆங்கிலப் பாடநூல்

இலக்கணத்தில் தொடங்குவதா, வார்டு வேலையிலா என்று முன்பு கேட்டிருந்தேன். வார்டுதான், முதல் அலகே ஷிஃப்ட் ஒப்படைப்பு, அதாவது வேலை முடித்துப் போகிறவர் அடுத்து வருகிறவரிடம் நோயாளி விவரத்தைச் சொல்வது. நோயாளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல எஸ்பார் (SBAR) வரிசை: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. மாணவர்கள் பின்னணியை நீட்டிவிட்டு, மருத்துவர் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவார்கள். அதனால் பரிந்துரை வாக்கியத்தை முதலில் எழுதவைக்கிறோம்.

எண்களுக்கு நிறைய பக்கம் ஒதுக்கியிருக்கிறோம், அது வீண் இல்லை. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் தொலைபேசியில் ஒன்றுபோலவே கேட்கும். 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லிப் பழகவேண்டும். எழுதும்போது 0.5 மி.கி., வெறும் .5 கூடாது. புள்ளி மங்கினால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

ஒலிப்பதிவுக்குப் பிரிட்டிஷ் உச்சரிப்பு மட்டும் போதாது. சிங்கப்பூர் வார்டில் கேட்கும் சீன, மலாய், தமிழ், பிலிப்பினோ குரல்கள் எல்லாம் வேண்டும்.