மாலையானால் விடாமல் பால் கேட்கிறாள், மார்பும் தளர்ந்துவிட்டது: எனக்குப் பால் குறைந்துவிட்டதா?

முதல் குழந்தை:

என் மகளுக்கு மூன்று வாரம் முடிந்திருக்கிறது. சுகப்பிரசவம். பிறந்தபோது எடை 2.9 கிலோ, இரண்டாம் வாரப் பரிசோதனையில் 3 கிலோ. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான்.

பகலில் தொந்தரவு இல்லை. இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை குடித்துவிட்டுத் தூங்குகிறாள். மாலை ஆறு மணி ஆகிவிட்டால் வேறு குழந்தையாகிவிடுகிறாள். சிறிது நேரம் குடிக்கிறாள், காம்பை விட்டுவிட்டு வீறிட்டு அழுகிறாள், மறுபடியும் வாயால் தேடுகிறாள். இரவு பத்து மணி வரை இதே கதை. மடியிலிருந்து இறக்கவே முடியவில்லை. பார்ப்பவர்கள் எல்லோரும் "உனக்குப் பால் போதவில்லை, பாட்டில் கொடு" என்கிறார்கள்.

எனக்கும் பயம் வந்துவிட்டது. முதல் வாரம் மார்பு கல்லாக இறுகி, பால் தானாகவே வழிந்தது. இப்போது எப்போது தொட்டாலும் தளர்வாக இருக்கிறது. நேற்று அவள் குடித்து முடித்ததும் பம்ப் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சேர்ந்து 20 மி.லி. தான் வந்தது. போதாததற்கு வலது காம்பில் வெடிப்பு. அந்தப் பக்கம் அவள் வாய் வைத்தால் கால் விரல்கள் மடங்கும் அளவுக்கு வலிக்கிறது.

மாலையில் ஒரு வேளை மட்டும் பவுடர் பால் கொடுக்கலாமா? அனுபவம் உள்ள அக்காக்கள் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளை அம்மா:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் தங்கை: நீங்கள் எழுதியதில் பால் குறைந்ததற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. நான் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தவள். இப்போது பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது நீங்கள் சொன்ன இதே மூன்றைத்தான்: மார்பு தளர்ந்துவிட்டது, பம்பில் வரவில்லை, மாலையில் அழுகிறாள். இந்த மூன்றையும் வைத்துப் பாலை அளக்கவே முடியாது.

பிறந்தபின் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பால் பெருகி வரும். அப்போது மார்பு இறுகுவது பாலால் மட்டும் அல்ல. இரத்த ஓட்டம் கூடுவதும் திசுக்களில் நீர் சேர்வதும் காரணம். அடுத்த சில வாரங்களில் உடல் குழந்தையின் தேவைக்கு ஏற்பச் சுரக்கப் பழகிக்கொள்கிறது. வீக்கம் வடிந்து மார்பு இளகுகிறது. மணலில் தோண்டிய ஊற்று மாதிரிதான், இறைக்க இறைக்க ஊறும். பால் தேங்கியே இருந்தால் "இவ்வளவு போதும்" என்று உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட மாலை பாட்டிலில் எனக்குள்ள தயக்கமும் இதனால்தான். குழந்தை அதைக் குடித்துத் தூங்கிவிட்டால், அந்த வேளைக்கு மார்பிலிருந்து பால் வெளியேறாது. ஒரு பாட்டில் இரண்டாகும், பிறகு உண்மையிலேயே பால் குறையும். ஒரு பாட்டில் கொடுத்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று பயமுறுத்தவில்லை. தேவை இல்லாதபோது வேண்டாம் என்கிறேன்.

குழந்தை குடித்து முடித்த மார்பில் பம்ப் வைத்து 20 மி.லி. வந்ததா? எனக்கு அது நல்ல செய்தி. குழந்தை இழுக்கும் விதமே வேறு, எந்த பம்பும் அதற்கு ஈடாகாது.

மாலை நேர அழுகைக்கு வருவோம். அடுத்தடுத்துக் கொத்தாகக் குடிப்பது இந்த வயதில் மிகவும் இயல்பு. இரண்டாவது, மூன்றாவது வாரத்திலும் ஆறாவது வாரத்தையொட்டியும் இது இன்னும் கூடும். அந்த நேரத்தில் உங்களுக்கு வேறு எந்த வேலையும் வேண்டாம். சாப்பாடும் குடிக்கத் தண்ணீரும் நீங்கள் இருக்கும் இடத்துக்கு வரவேண்டும், "பாட்டில் கொடு" என்பவர்கள் அதைச் செய்யட்டும். ஒரு பக்கம் உறிஞ்சுவது மெதுவானால் மார்பை உள்ளங்கையால் மென்மையாக அழுத்திப் பிடியுங்கள், பால் மறுபடி இறங்கும். விழுங்கும் சத்தம் நின்றுவிட்டால் அடுத்த பக்கம் மாற்றுங்கள். சில அழுகை பசிக்கானதே அல்ல. தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, வெறும் மார்பில் தோலோடு தோலாகச் சாய்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்து பாருங்கள்.

பால் போதுகிறதா என்பதற்கு நம்பத்தக்க சாட்சி டயாபரும் தராசும்தான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறை நன்றாகச் சிறுநீர் நனைக்கவேண்டும். மலம் மஞ்சளாக, இளகலாக இருக்கவேண்டும். பிறந்த முதல் சில நாட்களில் பெரும்பாலான குழந்தைகளுக்கு எடை சற்று இறங்கும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பவேண்டும். உங்கள் மகள் திரும்பியதோடு நிற்காமல் 100 கிராம் தாண்டியிருக்கிறாள். இனி நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த வலது பக்க வலிதான். பால் கொடுத்தால் அப்படித்தான் வலிக்கும், பொறுத்துக்கொள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முதல் சில நொடிகள் சுருக்கென்று இருக்கலாம். குடிக்கும் நேரம் முழுவதும் வலித்தால் குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று பொருள். குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்து தட்டையாக வெளிவந்தால் அதுவேதான்.

குழந்தையின் வயிறு உங்கள் உடலோடு ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும், கழுத்தைத் திருப்பிக் குடிக்கக்கூடாது. மூக்கு காம்புக்கு நேராக வரும்படி பிடியுங்கள். காம்பால் மேலுதட்டைத் தொட்டுவிட்டு, கொட்டாவி விடும் அளவுக்கு வாய் திறக்கும்வரை காத்திருங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். திறந்ததும் முதுகைத் தாங்கி அவளை உங்களிடம் கொண்டுவாருங்கள். பின்தலையைப் பிடித்து அழுத்தக்கூடாது, மார்பையும் அவளிடம் குனிந்து கொண்டுபோக வேண்டாம். தாடை முதலில் பதியும். கீழுதடு வெளியே மடிந்திருக்கும். காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே ஏறக்குறைய மறைந்துவிடும். சரியாகப் பொருந்தவில்லையென்றால் இழுத்துப் பிடுங்காமல், சுத்தமான சுண்டுவிரலை அவள் வாய் ஓரத்தில் நுழைத்துப் பிடியைத் தளர்த்திவிட்டு மறுபடி வைக்கலாம். சில நாட்களுக்கு வலி குறைந்த பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். முடித்ததும் ஒரு சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றில் உலரவிடுங்கள்.

மழைக்காலம்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் என் மகனுக்கு நிஜமாகவே பால் போதவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வாரம் ஆகியும் பிறந்த எடைக்கு வரவில்லை. எந்நேரமும் வாயில் வைத்திருப்பான், விழுங்கும் சத்தமே கேட்காது. பார்த்தால் நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு இறுக்கமாக இருந்தது. மருத்துவர் சொன்னபடி, அதைச் சரிசெய்யும்வரை ஒவ்வொரு முறையும் மார்பில் கொடுத்தபின் பம்பில் எடுத்த பாலையும், அது போதாதபோது பவுடர் பாலையும் கொடுத்தோம். பிறகு மெல்லக் குறைத்து நிறுத்தினோம். எடை ஏறாத குழந்தைக்குப் பவுடர் பால் மருந்து மாதிரி தேவைப்படலாம். அதற்காக எந்த அம்மாவும் கூனிக்குறுக வேண்டியதில்லை. உங்கள் நிலை அது அல்ல, அவ்வளவுதான்.

பிரசவ வார்டு செவிலி:

எப்போது காத்திருக்கக்கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன். குழந்தை பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், சிறுநீர் ஆறு முறைக்குக் குறைந்தாலோ அடர் நிறத்தில் போனாலோ, மஞ்சள் காமாலை இரண்டு வாரத்துக்குப் பிறகும் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பச்சையாக வாந்தி எடுத்தாலும், உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வெடிப்பு வழியாகக் கிருமி போகலாம் என்பதால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. மார்பில் ஒரு பகுதி சிவந்து சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கட்டியைக் கைவைத்து அழுத்திப் பிசைய வேண்டாம், அது வீக்கத்தைக் கூட்டும். குளிர்ந்த ஒத்தடம் போதும். இதற்குக் கொடுக்கும் பெரும்பாலான மருந்துகளைப் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம்.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், வெயில் காலமாக இருந்தாலும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதுதான். வைட்டமின் டி சொட்டு மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தாய்ப்பாலில் அது குறைவு.

முதல் குழந்தை:

நேற்று முழுவதும் டயாபர் எண்ணினேன் அக்கா, எட்டு. படித்துவிட்டு அழுதுவிட்டேன், இது நிம்மதியில் வந்த அழுகை. வாய் நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து வைத்தேன். வலது பக்கம் இன்னும் வலிக்கிறது, ஆனால் முதல் சில நொடிகளோடு அடங்கிவிடுகிறது. இன்னொன்று கேட்கலாமா? இரவில் ஒரு வேளை நான் தூங்க, பம்பில் எடுத்த பாலைத் தான் கொடுப்பதாகக் கணவர் சொல்கிறார். இப்போதே தொடங்கலாமா?

இரண்டு பிள்ளை அம்மா:

அவர் கேட்டதே பெரிய விஷயம். வெடிப்பு ஆறி, அவள் வாய் வைப்பது நிலைப்படட்டும். நான்கு வாரம் ஆனபின் தொடங்கலாம். அதுவரை இரவில் அவளைத் தூக்கி வந்து தருவது, ஏப்பம் விட வைப்பது, டயாபர் மாற்றுவது அவர் வேலையாக இருக்கட்டும். தொடங்கியபின் அதிகாலையில் பம்ப் வையுங்கள், அப்போது பால் கூடுதலாக வரும். இரவுப் பாலூட்டலை முழுவதுமாக விட்டுவிடவும் வேண்டாம், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். சூடாக்க அடுப்பும் மைக்ரோவேவும் வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை வைத்தால் போதும். குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.