புதுப்பிப்பு: காணும் பொங்கல் விருந்தாளிகளுக்குச் சர்க்கரைப் பொங்கல்

முன்பு 6 பேருக்கான அளவு போட்டிருந்தேன். சொந்தங்களோடு பழைய நண்பர்களும் வந்துவிட்டால் எவ்வளவு என்று பலர் கேட்டார்கள். விருந்துச் சாப்பாட்டோடு 25 பேருக்கு: பச்சரிசி 1 கிலோ, பாசிப்பருப்பு கால் கிலோ, வெல்லம் ஒன்றரைக் கிலோ, நெய் 300 கிராம்.

அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லப்பாகு. இனிப்பு ஏறிவிட்டால் அரிசி மேலும் வேகாது, விறைத்தே நிற்கும். பாகை வடிகட்டியே ஊற்றுங்கள். வெல்லத்தில் மண் இருக்கும். பாலை அரிசி வேகும்போதே சேர்த்துவிடுங்கள், வெல்லத்துக்குப் பின் ஊற்றினால் திரிந்துபோகலாம். பச்சைக் கற்பூரம் கடுகளவு போதும், கூடினால் கசக்கும்.

சற்றுத் தளர இருக்கும்போதே இறக்குங்கள், ஆற ஆற இறுகும். தாமதமாக வருபவர்களுக்கு வெந்நீர் தெளித்துக் கிளறிச் சூடாக்கினால் போதும்.