மூஸ் வேட்டைத் துவக்குக்கு எந்தச் சத்தக்குறைப்பான்?

கேள்வி: ஃபியோர்டுக்கரை

அனைவருக்கும் வணக்கம். நோர்வேயில் வேட்டைக்காரர் தேர்வில் சித்தியடைந்த கையோடு, 6.5×55 ரவைக்கான (6.5 மி.மீ. குண்டு வகை) பாவித்த றைபிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன். குழலின் நீளம் 60 செ.மீ.; முனையில் மரை (திருகி மாட்டுவதற்கான புரி) வெட்டப்படவில்லை. செப்டெம்பர் 25 இல் மூஸ் (பெரிய மான் இனம்) வேட்டை தொடங்குவதற்குள் சத்தக்குறைப்பான் ஒன்றைப் பொருத்திவிட விரும்புகிறேன். இங்கே அதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்பதால் கடையில் தட்டு நிறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள். விற்பனையாளரோ டெசிபெல் எண்ணை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்கிறார். துவக்கு நீண்டுவிடும் என்பதால் குழலில் 10 செ.மீ. வெட்டிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: பனிக்காடு

டெசிபெல் எண்ணைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். வேட்டைத் துவக்கின் வெடி ஏறத்தாழ 160 டெசிபெல்லுக்கு மேலே போகும். நல்ல சத்தக்குறைப்பான் அதில் 25 முதல் 30 வரை குறைக்கும். ஒரே வெடியில் செவியைக் கெடுக்கக்கூடியதாகக் கொள்ளப்படும் எல்லை 140 என்பதால், நீங்கள் அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்பீர்கள். ஆகவே பயிற்சித் திடலில் காதுக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். திரைப்படத்தில் வரும் "டப்" என்ற மெல்லிய ஓசையையும் எதிர்பார்க்காதீர்கள்: ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீற்றர், உங்கள் குண்டோ அதன் இரு மடங்குக்கு மேல் பறக்கிறது, அது காற்றைக் கிழிக்கும் ஓசையை முனையில் மாட்டிய எதனாலும் தடுக்க முடியாது.

காட்டில் நடந்து வேட்டையாடுபவர் என்றால், குழலின் மேல் பின்னோக்கி உறைபோல ஏறும் வகையைப் பாருங்கள். முனைக்கு முன்னே நீளம் குறைவாகவே கூடும், எடையும் கைப்பக்கம் வரும். பருமனான குழலில் அது ஏறுமா என்பதை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். அலுமினியம் இலேசானது, வேட்டையில் சுடும் இரண்டு மூன்று வெடிகளுக்குத் தாராளமாகப் போதும். திடலில் தொடர்ந்து சுடுபவருக்கு உருக்கு அல்லது டைட்டேனியம் நல்லது.

பதில்: கடைசல்பட்டறை

நான் உலோகக் கடைசல் வேலை செய்பவன். எந்த நிறுவனத்தின் பொருள் என்பதைவிட மரையை யார் வெட்டுகிறார் என்பதே முக்கியம் என்பேன். மரை, குழலின் வெளிப்புறத்துக்கு அல்ல, உட்துளைக்கு நேர்மையத்தில் அமைய வேண்டும். பழைய குழல்களில் இவ்விரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நண்பர் ஒருவர் மலிவாக ஓரிடத்தில் வெட்டுவித்து வந்தார். நான்காவது வெடியில் குண்டு சத்தக்குறைப்பானின் உள்ளிருக்கும் தடுப்புத்தட்டை உரசிச் சென்றது, மூடியின் துளை நீள்வட்டமாகிவிட்டது. முனை மெலிந்த குழலில் எம்15×1 மரை (15 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி இடைவெளி) வெட்டினால் சத்தக்குறைப்பான் முட்டி நிற்கத் தோள், அதாவது மரைக்குப் பின்னுள்ள படி, மிஞ்சாது. அப்போது எம்14×1 தான் வழி.

குழலை வெட்டுவதில் அவசரப்படாதீர்கள். இங்குள்ள விதிப்படி மூஸுக்கு 10 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள குண்டு என்றால் 100 மீற்றரில் குறைந்தது 2200 யூல் ஆற்றல் வேண்டும், 9 கிராம் குண்டென்றால் 2700. உங்கள் ரவையைப் பொறுத்தவரை குழலில் 10 செ.மீ. குறைத்தால் நொடிக்கு 30 மீற்றர் அளவில் வேகம் போகும். கனமான குண்டுகூட எல்லையை ஒட்டி வந்துவிடலாம். 5 செ.மீ. வேண்டுமானால் யோசிக்கலாம்.

பதில்: பனிக்காடு

இன்னொன்று: மாட்டியதும் குண்டு விழும் இடம் மாறும், சில துவக்குகளில் ஓர் அங்கை அகலத்துக்குக்கூட. ஆகவே மாட்டிய நிலையிலேயே குறி சரிசெய்து, அப்படியே ஆண்டுச் சுடுதேர்வுக்கும் போங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி உலர வையுங்கள்; உள்ளே தேங்கும் ஈரம் ஒரே இரவில் குழல் முனையைத் துருவாக்கும்.

ஃபியோர்டுக்கரை

இருவருக்கும் நன்றி. இன்று முனையை அளந்தேன்: 15.4 மி.மீ. எம்14×1 தான் போலிருக்கிறது. குழலை வெட்டாமல், மேலேறும் வகையையே எடுக்கிறேன்.