புதுப்பிப்பு: பின்பக்கக் கொக்கி வேலை ஒருவழியாக முடிந்தது

மலேசியாவின் உலு லங்காட் பக்கம் செம்பனைத் தோட்டச் சேற்றில் என் பிக்கப் வண்டி புதைந்ததையும், பின்னாலிருந்து இழுத்தபோது கொக்கி வளைந்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன். நிமிர்த்திப் பற்றவைத்தால் போதுமா என்று கேட்டிருந்தேன். போதாது.

செந்தூல் பட்டறை அண்ணன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தவர், முதலில் சிரித்தார். நான் இழுவைக் கொக்கி என்று நம்பியது, கப்பலில் வண்டியைக் கட்டி நிறுத்தும் வளையமாம்! அதைப் பிடித்திருந்த துளைகள் நீள்வட்டமாகி, ஓரத்தில் துரு எட்டிப் பார்த்தது.

வண்டிக்கு அடியில் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் சேஸிஸ் சட்டம் உள்ளே வெறும் கூடு. போல்ட்டை முறுக்க முறுக்கச் சுவர் உள்வாங்கும். அதனால் குறுக்கே எஃகுக் குழாய் செருகி, விளிம்பைப் பற்றவைத்து, அதனூடே 10.9 தர (அதிக வலுவுள்ள) போல்ட்டுகளைப் போட்டோம். வெளியே 10 மி.மீ. தகடு, அதில் 4.75 டன் பாரத்துக்கான ஷேக்கிள் (U வடிவ இரும்புக் கொக்கி). இரண்டு சட்டங்களிலும் இதே வேலைதான். இழுக்கும் பட்டையை இரு கொக்கிக்கும் சேர்த்து மாட்டினால் பாரம் பிரியும்.

டிரெய்லர் மாட்டும் குண்டிலேயே கயிற்றைப் போடச் சொன்ன நண்பர்களே, மன்னிக்கவும். திடீர் இழுப்பில் அது உடைந்தால் பீரங்கிக் குண்டுதான். உயிர் போகும்.

ஞாயிற்றுக்கிழமை அதே சேற்றில் வேண்டுமென்றே இறக்கி, மூன்று முறை இழுத்துப் பார்த்தோம். போல்ட் தளர்ந்தால் தெரியட்டும் என்று அதன் தலையிலிருந்து தகடு வரை வரைந்திருந்த வெள்ளைக் கோடு மயிரிழையும் விலகவில்லை. இருக்கையில் அப்பிய சேற்றைத்தான் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.